இடப் பக்கம் ஆளில்லை

மார்ச் 4

டேய் ஸ்க்ரூ,

ஸலாம். உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. உன் கல்யாண விருந்தில் கை நனைக்கும்வரை உன்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று உன் மச்சான் முன்னால் சபதம் போட்டுவிட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நீயா? பேசாமயா? பாப்போம்" என்றார். இனி இதில் என் மானமும் சேர்ந்துவிட்டது. போன் அடிக்காதே, எடுக்க மாட்டேன். எழுது.

மாத்திரைக்கு நீ அனுப்பிய செய்தியை அவளே என்னிடம் காட்டினாள். "எனக்குத் தகுதியில்லை. மன்னிக்கவும்." என்னடா இது? வேலைக்கு மனுப் போட்டவனுக்குக் கம்பெனி அனுப்புகிற பதிலா? எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்தையே ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கிறவள் அவள். அவளுக்கு மாத்திரை என்று பட்டப்பெயர் வைத்ததே நீதான். லிஃப்ட் சர்வீஸ் என்று சொல்லிக்கொண்டு மாதாமாதம் வந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, மருந்தக ஜன்னலில் போய் நின்றவன் நீ. தலைவலிக்கு மருந்து, வயிற்றுவலிக்கு மருந்து என்று கேட்டுக் கேட்டுச் சரக்குத் தீர்ந்துபோய், கடைசியில் பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கிற டானிக்கைக் கேட்டாய். அவள் சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தாள் பார், அன்றைக்கே நான் முடிவு செய்தேன், இவள்தான் நம் வீட்டுக்கு என்று.

பெண் கேட்டது நான். அவள் வீட்டில் சரி சொன்னார்கள். அதற்குப் பிறகு இப்படி ஓடினால் நான் யார் முகத்தில் விழிப்பது? இந்த மாத சர்வீஸுக்கு உனக்குப் பதிலாக யாரோ ஒரு வழுக்கைத் தலையர் வந்தார். அவர் மருந்தகப் பக்கம் போனபோது அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். நான் அதைப் பார்த்தேன்.

காரணம் என்ன? உண்மையை எழுது.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நடந்து வந்தேன், எதிரே வந்த இரண்டு பேர் என்னைப் பார்த்து வழிவிட்டார்கள். முகம் அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது.

காரணம் அவளிடம் இல்லை. இதை முதலில் அவளிடம் சொல்லிவிடு. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. காரணம் என்னிடம்தான். அதை எழுத உட்கார்ந்தால் எழுத்து வரமாட்டேன் என்கிறது.

இங்கே எல்லாம் வழக்கம்போல். ரூமில் கூட இருக்கிற பெயிண்டர் இன்னும் குறட்டை விடுகிறார். ஒரு பழைய கட்டடத்து லிஃப்ட் ஐந்தாவது மாடியில் மட்டும் லேசாகக் குலுங்கியது. கம்பெனியில் கயிற்றை மாற்று என்றார்கள். நான் மோட்டார் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நின்றேன். கயிறு சரியாக இருந்தது, பிரேக்தான் ஒட்டிக்கொண்டு ஓடியது. இரும்புக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். என்னைப் பற்றித்தான் ஒன்றும் தெரிவதில்லை.

சில பேருக்கு உள்ளே வெளிச்சம் கிடையாது அக்கா. அப்படிப்பட்டவனைக் கட்டிக்கொண்டு அவள் என்ன செய்வாள்? இதற்குமேல் கேட்காதே.

மச்சானுக்கு ஸலாம். சபதத்தில் அவர் பக்கம் பந்தயம் கட்டலாமா என்று யோசிக்கிறேன்.

தம்பி

மார்ச் 16

டேய்,

வெளிச்சம் கிடையாதாம். நீ என்ன ஃபியூஸ் போன பல்பா?

இந்தக் கதையெல்லாம் எனக்கு வேண்டாம். ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொள். மாத்திரையை ஒரு பல் டாக்டர் வீட்டிலிருந்து கேட்டிருக்கிறார்கள். பையன் நல்லவன்தான், குறை சொல்ல முடியாது, அதுதான் எனக்குக் கோபம். மாதக் கடைசியில் பதில் சொல்கிறோம் என்று அவள் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அவளிடம் கேட்டேன். "உங்க தம்பி காரணம் சொல்லட்டும். சொன்னா ஏத்துக்கறேன், இல்ல மறந்துடறேன். காரணமே தெரியாம எப்படிக்கா மறக்கறது?" என்றாள்.

அவள் கேட்டது நியாயமா இல்லையா? பூசி மெழுகாமல் எழுது.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்கா,

சரி, எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரித்தாலும் பரவாயில்லை, மச்சானிடம் படித்துக் காட்டாதே.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் திக்ருக்குப் போவது உனக்குத் தெரியும். டயர்க் கடைக்கு மேலே ஒரு அறை. ரப்பர் வாசனை அடிக்கும். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்தான் எங்களுக்கு வழி சொல்கிறவர். வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, இறைவன் பெயரை முதலில் வாயால் சொல்லி, பிறகு வாயை மூடிக் கல்பால் சொல்ல வேண்டும். கல்பு என்றால் நீ ஸ்கேன் மெஷினில் பார்க்கிற இதயச் சதை இல்லை. அதற்குள்ளே, படைத்தவனை அறிந்துகொள்கிற ஓர் உள்ளம். அதற்கு மார்பில் ஓர் இடம் சொல்வார்கள். இடப் பக்கம், மார்புக் காம்புக்கு இரண்டு விரல் கீழே. அங்கே கவனத்தை நிறுத்தி உட்கார்ந்திருந்தால், துரு உதிர்ந்து கல்பு தானாகவே அந்தப் பெயரைச் சொல்லத் தொடங்கும். அது நன்றாக விழித்த பிறகுதான் வலப் பக்கத்தில் ரூஹு, அதாவது ஆன்மா, விழிக்கும். மாஸ்டர் தன் பாஷையில் சொல்வார், "ஃபர்ஸ்ட் கியர் போடாம செகண்ட் கியருக்குப் போனா வண்டி நின்னுடும்."

என் வண்டி கிளம்பவே இல்லை அக்கா. எத்தனையோ வருடங்களாக அங்கே உட்காருகிறேன். டயர்க் கடைக்காரர் உட்கார்ந்த மாத்திரத்தில் கண்ணீர் விடுகிறார். கணக்கு வாத்தியார், உள்ளே யாரோ மெதுவாகத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்கிறார். எனக்கு இடப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஆளில்லாத வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி. நானும் எல்லோரோடும் சேர்ந்து தலையை ஆட்டுவேன். வெட்கமாக இருக்கும்.

இதைவிட மோசம் ஒன்று. சும்மா இருக்கிற இடப் பக்கத்தைக் கவனிக்கும்போது வலப் பக்கத்தில் ஒன்று தடதடவென்று கூத்தடிக்கும். கல்பே விழிக்காதவனுக்கு ரூஹு எப்படி வரும்? ஆகவே அது நஃப்ஸ் என்று தீர்மானித்தேன். நம்மைத் தன் ஆசைக்கு இழுத்துப் போகிற அந்த முரட்டுக் கீழ்மனசு. அதை அடக்கு அடக்கு என்று அடக்கினேன். அடங்கவில்லை.

போன தடவை உன் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் கதவில் என் விரல் வெட்டுப்பட்டதே, அன்றைக்கு அவள் ஜன்னலை விட்டு வெளியே வந்து பிளாஸ்டர் ஒட்டினாள். ஒட்டிவிட்டு, "இனிமே மருந்து வேணும்னா விரலை வெட்டிக்காம வாங்க" என்றாள். வலப் பக்கம் அப்படிக் குதித்தது, சட்டைக்கு வெளியே வந்துவிடுமோ என்று பயந்தேன். இடப் பக்கம் அப்போதும் செத்துக் கிடந்தது. அப்போதுதான் புரிந்தது. நான் அவளைக் கல்பால் விரும்பவில்லை, நஃப்ஸால் விரும்புகிறேன். செத்த கல்பும் கொழுத்த நஃப்ஸும் உள்ளவன் ஒரு நல்ல பெண்ணின் கையைப் பிடிப்பது துரோகம். அதனால்தான் அந்தச் செய்தி அனுப்பினேன்.

அவளை நினைக்காத நாள் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். போதுமா?

தம்பி

மார்ச் 23

அட என் தங்க எருமையே!

உன் கடிதத்தை ஸ்கேன் அறையில் வைத்துப் படித்தேன். நெஞ்சில் ஜெல் தடவிக்கொண்டு ஒரு பெரியவர் படுத்திருந்தார். நான் "யா அல்லாஹ்" என்று கத்தினேன். அவர் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஏதாவது ஆபத்தாம்மா?" என்றார். "உங்களுக்கு ஒண்ணுமில்லய்யா, என் தம்பி ஒரு முட்டாள்" என்றேன். "அதுக்கு மருந்து கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொண்டார்.

டேய், உன் இதயம் வலப் பக்கம் இருக்கிறது.

கல்பைப் பற்றி எனக்குத் தெரியாது, நான் சதையைப் பார்க்கிறவள். ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்கு இதயம் வலப் பக்கமாக அமைந்துவிடும். இந்த மேஜையிலேயே பார்த்திருக்கிறேன். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை, பாதிப் பேர் தெரியாமலே வாழ்ந்து முடிப்பார்கள். உனக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோது அந்தக் கம்பவுண்டர் இடப் பக்கத்தில் குழாயை வைத்துவிட்டு, "பையனுக்கு இதயம் ரொம்ப வீக்கா கேக்குது" என்றாரே, ஞாபகம் இருக்கிறதா? உம்மா உன்னைக் கால்பந்து ஆடவே விடவில்லையே? அந்த மனிதர் தப்பான கதவைத் தட்டியிருக்கிறார். நீயும் இன்றுவரை அதே கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறாய்.

ஊசி என்றால் ஓட்டம் பிடிக்கிறவன் ஆஸ்பத்திரியில் லிஃப்டை மட்டும் பார்த்துவிட்டுப் போனாய். ஊரார் நெஞ்சையெல்லாம் பார்க்கிற நானும் கூடப் பிறந்தவனை ஒருநாள் படுக்க வைத்துப் பார்க்கவில்லை. விளக்குக்கு அடியில் இருட்டு என்பது இதுதான். எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது, சிரிப்புத்தான் ஜெயிக்கிறது.

வலப் பக்கம் உள்ளங்கையை வை. மோட்டாரில் வைக்கிறாயே, அதே மாதிரி. பிறகு போய் ஒரு எக்ஸ்ரே எடு. எடுக்காமல் எனக்கு எழுதாதே. மாதக் கடைசி பக்கத்தில் வந்துவிட்டது, ஓடு!

அக்கா

மார்ச் 27

அக்கா, அக்கா, அக்கா!

எடுத்துவிட்டேன். எக்ஸ்ரே எடுத்தவர் திரையைப் பார்த்தார், இடது வலது குறியை மாற்றி வைத்துவிட்டோமோ என்று இன்னொரு தடவை எடுத்தார், பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். டாக்டர், "இதயம் மட்டுமில்ல, ஈரலு, வயிறு எல்லாமே மாறித்தான் இருக்கு. கண்ணாடியில தெரியற ஆளு மாதிரி நீங்க. ஆரோக்கியமா இருக்கீங்க, போங்க" என்றார். கால்பந்து ஆடலாமா என்று கேட்டேன். இந்த வயதில் வேண்டாம் என்றார்.

நேராக மாஸ்டரிடம் போனேன். அவர் ஒரு அம்மாவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னேன், அவளைப் பற்றியும். மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை அழுத்தி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஓட்டிக்கொண்டிருந்த அம்மா தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டார்.

பிறகு என்னைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, "இத்தனை வருஷமா ஒண்ணுமே தெரியலன்னு ஏன் சொல்லல?" என்றார்.

"வெட்கமா இருந்துச்சு."

"எனக்கும் பாதி வியாழக்கிழமை ஒண்ணும் தெரியாது. நான் உன்கிட்ட சொன்னேனா? மார்புல ஒரு இடமுன்னு சொல்றது கவனம் நிக்கறதுக்கு ஒரு ஸ்டாண்டுதான்யா. கல்பு சதைக்குள்ள அடைஞ்சு கிடக்குமா? ஒண்ணுமே கிடைக்காத இடத்துக்கு மழைன்னு பாக்காம வெயில்னு பாக்காம வாரா வாரம் வந்து உக்காந்தியே, உன்னை யாரு கூட்டிட்டு வந்தது? செத்த கல்பா?"

அப்படியும் விடாமல், வலப் பக்கம் குதித்தது நஃப்ஸ் இல்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். இதயம் எந்தப் பக்கம் இருந்தாலும் நஃப்ஸ் நஃப்ஸ்தானே?

"நல்ல கேள்வி. அந்தப் பொண்ணைப் பாத்துட்டு வர்ற நாள்ல நீ எப்படி இருப்பே?"

யோசித்துப் பார்த்தேன். "எல்லார் மேலயும் பிரியமா இருக்கும். பெயிண்டர் குறட்டை விட்டாக்கூடப் போர்வையை இழுத்து விடுவேன். ஒருதடவை எங்க மேனேஜரையே மன்னிச்சிட்டேன்."

"நஃப்ஸ் மேனேஜரை மன்னிக்காதுய்யா" என்றார் மாஸ்டர். வண்டி ஓட்டிய அம்மா, "அது சரி" என்றார்.

நேற்று வியாழக்கிழமை. இடமும் பார்க்கவில்லை, வலமும் பார்க்கவில்லை, சும்மா உட்கார்ந்தேன். எனக்கு வலப் பக்கத்தில் டயர்க் கடைக்காரர், தோளோடு தோள் ஒட்டி. அவர் வழக்கம்போல அழத் தொடங்கினார். அந்தப் பக்கத்திலிருந்து இறைவன் பெயர் என்னிடம் வந்தது அக்கா. என்னிடமிருந்து அவருக்குப் போயிற்றா, அவரிடமிருந்து எனக்கு வந்ததா, தெரியவில்லை. அவருக்குக் கல்பு இடப் பக்கம், எனக்கு வலப் பக்கம், நடுவில் இரண்டு சட்டைதான். நான் அழவில்லை, சிரித்தேன். மாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அவளிடம் சொல்லிவிட்டாயா? என்ன சொன்னாள்? பல் டாக்டர் வீட்டுக்குப் பதில் போய்விட்டதா? போனையாவது எடுத்துத் தொலையேன்!

தம்பி

மார்ச் 30

டேய் கண்ணாடி,

போனை எடுக்க மாட்டேன். உன் மச்சான் தினமும் என் போனை என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு ஓரக்கண்ணால் பார்க்கிறார். நான் யார் என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

மாத்திரையிடம் இரண்டு கடிதத்தையும் கொடுத்துவிட்டேன். என்னை மன்னித்துக்கொள், மன்னிக்காவிட்டாலும் போ. மருந்து கேட்டு நின்ற வரிசையை நிறுத்திவைத்துப் படித்தாள். அந்த நஃப்ஸ் கட்டம் வந்தபோது காது சிவந்தது. மேனேஜர் கட்டம் வந்தபோது சிரித்துவிட்டாள். முடித்து, மடித்து, மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா?

"இதயம் வலப் பக்கம் இருந்தா அது அவர் தப்பில்லக்கா. வாய் நடுவுலதானே இருக்கு? சொல்லியிருக்கலாமே?"

நியாயம் அவள் பக்கம். நீயாகவே ஒரு தீர்ப்பு எழுதி, அவளைக் கேட்காமலே தண்டனையும் கொடுத்துவிட்டாய். பல் டாக்டர் வீட்டுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. "ஏன் சொல்லலே?" என்று கேட்டேன். "லிஃப்ட் மறுபடியும் மக்கர் பண்ணுதுக்கா, அந்த வழுக்கைத் தலையருக்கு ஒண்ணும் தெரியல" என்றாள்.

லிஃப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது. புரிகிறதா?

வா. வந்து வாயால் சொல். வரும்போது என் மேஜையிலும் படுத்துவிட்டுப் போ.

அக்கா

ஏப்ரல் 5

அன்புள்ள அக்கா,

ரூமுக்குத் திரும்பி வந்து சேர்ந்தேன். பெயிண்டருக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன், ஏன் என்று கேட்காமலே தின்றுவிட்டார்.

உன்னை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. மேஜையில் நான் படுத்திருக்கிறேன், நீ பக்கத்தில் நிற்கிறாய், "மாத்திரை, அவனை வலப் பக்கமா சாஞ்சு படுக்கச் சொல்லு. மூச்சை அடக்கச் சொல்லு. முகத்தை அப்படி வச்சுக்க வேணாம்னு சொல்லு" என்கிறாய். அவளும் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்கிறாள். அந்த ஜெல் ஐஸ் மாதிரி இருந்தது. அவள் அறைக்குள் வந்ததும் திரையில் ஓட்டம் வேகமானதை நீ பார்த்தாய், எனக்குத் தெரியும். மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பி நின்றாய். உன் தோள் குலுங்கியது.

அதற்கு முன்னால் ஜன்னலில் நடந்தது உனக்குத் தெரியாது. நான் பஸ்ஸில் வரும்போதே பேச வேண்டியதை எல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். நேரில் நின்றதும் பாதி மறந்துவிட்டது. "உங்களைக் கேட்காம முடிவெடுத்தேன், அது தப்பு. உங்களை எனக்குப் பிடிக்கும், ரொம்ப நாளா" என்று மட்டும் சொன்னேன். அவள் நர்ஸிடமிருந்து ஒரு ஸ்டெதஸ்கோப்பை வாங்கி, குழாயைத் தன் காதில் மாட்டிக்கொண்டு, மருந்து கொடுக்கிற ஓட்டை வழியாக இன்னொரு முனையை என்னிடம் நீட்டினாள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற அம்மா, "இங்கேயே செக்கப்பும் பண்றாங்களா?" என்றார்.

பழக்க தோஷம், இடப் பக்கம்தான் முதலில் வைத்தேன். அவள் தலையை ஆட்டினாள். "ஆளில்லை." வலப் பக்கம் வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள் அக்கா. எங்கள் கணக்கு வாத்தியார் சொல்வாரே, உள்ளே யாரோ தட்டுகிற மாதிரி என்று, அது அப்போது எனக்கே கேட்டது.

பிறகு கண்ணைத் திறந்து, "ஆள் இருக்காங்க" என்றாள்.

பல் டாக்டர் வீட்டுக்கு அவள் அப்பாவே போன் செய்து சொல்லிவிட்டாராம். தேதி குறிக்க நீயும் மச்சானும் போக வேண்டும். அங்கேயாவது பேசுவாயா?

தம்பி

ஏப்ரல் 9

என் தம்பிக்கு,

அவள் வீட்டில் பேசினேன், நிறையப் பேசினேன். சபதம் உன்னோடு மட்டும்தான். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். விருந்தில் முதல் வாய் வைத்ததும் உன்னோடு பேசத் தொடங்குவேன், சேர்த்துவைத்தது எல்லாம் இருக்கிறது, காதைத் தயாராக வைத்துக்கொள். உன் மச்சான் தோற்றுவிட்டார். ஆனால் அவர் சந்தோஷமாகத் தோற்றிருக்கிறார். டயர்க் கடைக்காரரையும் அந்தப் பெயிண்டரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா. மாஸ்டர் வந்தால் வண்டியை அவரே ஓட்டட்டும்.

இன்னொரு விஷயம். நீ கிளம்பும்போது லிஃப்ட் வாசலில் உன்னைக் கட்டிப்பிடித்தேனே. கட்டிப்பிடிப்பது பேச்சில் சேராது, மச்சானிடம் கேட்டுவிட்டேன். எதிரெதிரே நின்று யாரைக் கட்டிக்கொண்டாலும் அவர்கள் இதயம் ஒரு பக்கம், நம் இதயம் ஒரு பக்கம் என்று விலகித்தான் இருக்கும். உம்மாவைக் கட்டிக்கொண்டபோதும் அப்படித்தான், உன் மச்சானைக் கட்டிக்கொண்டபோதும் அப்படித்தான். உன்னுடையது நேராக வந்து என்னுடையதன் மேலேயே நின்றது. இரண்டும் ஒரே இடத்தில் அடித்தன, எது எவருடையது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இத்தனை காலம் இந்த வேலை பார்க்கிறேன், மெஷின் இல்லாமல் ஓர் இதயத்தை அறிந்தது அன்றைக்குத்தான். நீ சொல்கிற கல்பு எந்தப் பக்கம் இருக்கும் என்று நான் இனிமேல் கேட்க மாட்டேன்.

மாத்திரையிடம் இதைச் சொல்லவில்லை. நிக்காஹ் முடியட்டும், அவளே கண்டுபிடிக்கட்டும்.

அக்கா